கை கற்றதற்கும் சான்று வேண்டும்

(சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், நம் பள்ளியின் முன்னாள் மாணவரும் ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பள்ளி தோட்டத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த காலத்தில் படித்தவன் நான். மழை பெய்தால் ஆசிரியர் குரல் கேட்காது. இன்று மூன்று மாடிக் கட்டடம், கணினி அறை, மேடை என்று பார்க்கும்போது மனம் நிறைகிறது.

தலைமையாசிரியர் என்னை அழைக்க வந்தபோது, "நீங்க ஜெர்மனி போய் வந்தவராச்சே சார், ஐரோப்பாவுல தொழிற்கல்வி எப்படி நடக்குதுன்னு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். பேசுகிறேன். ஆனால் ஜெர்மனிக்குப் போவதற்கு முன் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் போக வேண்டும். ஏனென்றால் இந்த விஷயம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

என் தகப்பனார் அந்தத் தோட்டத்து ரப்பர் ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். பேர்ப் புத்தகத்தில் அவர் 'ஆலைக் கூலி'. ஆனால் லிஸ்டர் எஞ்சின் நின்றுபோனால் கிராணி ஐயா ஆள் அனுப்புவது எங்கள் லயத்துக்குத்தான். ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் அப்பா டார்ச்சு லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே, "பேரிங் தேய்ஞ்சி போச்சி, இன்னும் ஒரு வாரம் தாங்காது" என்பார். சொன்னபடியே நடக்கும். ரப்பர் ஷீட் உருட்டும் ரோலரின் இடைவெளியைக் கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்வார். யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. வயதான சீனத் தவுக்கே ஒருவரிடம் எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டது.

1984ஆம் ஆண்டு தோட்டம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் ஆலையை மூடி, ரப்பரை வெட்டி, செம்பனை போட முடிவு செய்தார்கள். வேலை கேட்டு அப்பா ஆபீசுக்குப் போனார். "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார்களாம். "எஞ்சின் வேலை தெரியும்" என்றார். "சிஜில் அடா?" என்றார்கள். சிஜில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கொட்டகைக்கு ஜாகா வேலை பார்த்தார். ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேலை. முப்பது ஆண்டு கற்ற வித்தை ஒரே நாளில் செல்லாக் காசாகிவிட்டது.

இந்தக் கதையில் ஆபீஸ்காரர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் வட்டாரத்துக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இங்கே பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டார். இந்த நாட்டின் செம்பனைத் தொழிலே அங்கிருந்துதான் தொடங்கியது. தோட்டத்தின் பேரைக் கேட்டாலே யார் அங்கே உழைத்தார்கள் என்று தெரிந்துபோகும். பிற்காலத்தில் அந்தப் பிரெஞ்சுக்காரர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சு நாட்டின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசையும் வாங்கினார்.

ஐரோப்பாவிலிருந்து மூலதனம் வந்தது, எஞ்சின் வந்தது, பாய்லர் வந்தது, துரை வந்தார். ஆனால் அங்கே தொழிலாளிக்கென்று இருந்த ஒன்று மட்டும் கப்பலேறி நம் லயம் வரை வந்து சேரவில்லை. அதுதான் கைத்தொழில் தெரிந்தவனுக்குக் கொடுக்கும் சான்று. லண்டனில் 1878இலேயே சிட்டி அண்ட் கில்ட்ஸ் கழகம் தொடங்கிவிட்டது. தச்சன், கொல்லன், மெக்கானிக்கு என்று பலருக்கும் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்தது. கோலாலம்பூரில் 1926இல் தொழிற்பள்ளி வந்தது. ஆனால் அன்றைய தோட்டப் பிள்ளைக்குக் கோலாலம்பூர் வேறு ஒரு நாடு மாதிரி. தகப்பனுக்கு மங்கும் உளியும், பிள்ளைக்கும் மங்கும் உளியும் என்று போய்விட்டது.

இருந்தும் தோட்டத்திலேயே ஒரே ஒரு இடத்தில் காகிதத்துக்கு மரியாதை இருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையின் பாய்லர் அறைதான் அது. குலை வெட்டி வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீராவியில் வேகவைக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். அந்த நீராவிக்குப் பாய்லர் வேண்டும். பாய்லர் வெடித்தால் ஆலையே போய்விடும். அதனால் தகுதிச் சான்றிதழ் இல்லாத ஆளிடம் பாய்லரை விடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2024இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பொறுப்பு சேர்ந்துவிட்டது. ஆனாலும் பாய்லருக்குச் சான்று பெற்றவர் வேண்டும் என்பது மாறவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பாய்லர் டிரைவராக இருந்த ஒரு பெரியவர் முதலாளி மாறியபோதும் வேலையை இழக்கவில்லை. அப்பாவும் அவரும் ஒரே மாதிரி கைகாரர்கள். அவரிடம் காகிதம் இருந்தது, இவரிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி ஜெர்மனிக்குப் போவோம்.

பயிற்சி ஆசிரியராக இருந்தபோது 1995இல் ஆறு வாரம் என்னை அங்கே அனுப்பினார்கள். ஒரு கார் பட்டறைக்குள் நுழைந்தேன். நம் ஊரில் கடைச் சுவரில் சாமி படம் மாட்டியிருப்பார்கள் அல்லவா, அதுபோல அங்கே சுவரில் ஒரு சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். 'மைஸ்டர்' சான்றிதழ் என்றார்கள். அப்படியென்றால் தொழிலில் ஆசான். தானும் வேலை செய்து, பிறருக்கும் கற்றுக்கொடுக்கத் தகுதி பெற்றவர் என்று பொருள். அந்தப் பட்டறைக்காரர் கை நிறைய கிரீசோடு வந்து, அந்தச் சான்றிதழைத்தான் எனக்கு முதலில் காட்டினார். அப்போது என் தகப்பனார் நினைவு வந்தது. வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அங்கே முறை இதுதான். பள்ளி முடித்த பிள்ளை ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போடுகிறான். வாரத்தில் மூன்று, நான்கு நாள் கம்பெனியில் வேலை கற்கிறான். ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் கணக்கும் அறிவியலும் மொழியும் படிக்கிறான். இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் இப்படிப் போகும். அந்தக் காலத்தில் அவனுக்கு மாதச் சம்பளமும் உண்டு. இரண்டு இடத்தில் கற்பதால் இரட்டை முறை என்பார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட தொழில்களுக்கு இப்படி வரையறுத்த பாடத்திட்டம் இருக்கிறது. ரொட்டி சுடுகிறவனுக்கும் உண்டு, எலக்ட்ரீஷியனுக்கும் உண்டு, கிராணி வேலைக்கும் உண்டு. கடைசித் தேர்வை அவன் வேலை பார்த்த கம்பெனி நடத்துவதில்லை. தொழில் வர்த்தகச் சங்கங்கள் நடத்துகின்றன. தேர்வுக் குழுவில் முதலாளிகளின் ஆட்களும் தொழிலாளர்களின் ஆட்களும் தொழிற்பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து உட்காருகிறார்கள். அதனால் அந்தச் சான்றிதழை எந்த ஊர் முதலாளியும் நம்புகிறான்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. பழைய காலத்துக் கைவினைச் சங்கங்களில் முதலில் கற்றுக்குட்டி, பிறகு கூலிக் கைவினைஞன், பிறகு ஆசான் என்று மூன்று படி இருந்தது. இன்றும் அங்கே சில தச்சர்கள் கறுப்பு உடையும் அகலத் தொப்பியுமாக மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சுற்றி வேலை கற்கிறார்கள். சொந்த ஊருக்கு ஐம்பது கிலோமீட்டர் பக்கத்தில் வரக்கூடாது என்பது அவர்களின் கட்டுப்பாடு. இங்கே உட்கார்ந்திருக்கும் சில பையன்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது! மியூனிக் நகரில் 1895 முதல் கல்வி அதிகாரியாக இருந்த கேர்ஷென்ஸ்டைனர் என்பவர், வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் பள்ளி வேண்டும் என்று பாடுபட்டார். 1969இல் ஜெர்மனி இதையெல்லாம் சேர்த்து ஒரே தொழிற்கல்விச் சட்டமாக ஆக்கியது.

அடுத்து அவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டில் வேலை செய்யலாம் என்று ஆனது. போர்த்துகல் வெல்டர் ஜெர்மனிக்குப் போகிறான். அவன் சான்றிதழ் போர்த்துகீசிய மொழியில் இருக்கிறது. அது எந்த அளவு படிப்பு என்று ஜெர்மன் முதலாளிக்கு எப்படித் தெரியும்? என் தகப்பனாரிடம் காகிதமே இல்லை. அவனிடம் காகிதம் இருந்தும் அதைப் படிக்க ஆளில்லை. அதனால் 2002இல் கோப்பன்ஹேகன் நகரில் அமைச்சர்கள் கூடிப் பேசினார்கள். 2008இல் ஐரோப்பியத் தகுதிக் கட்டமைப்பு என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

பேர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். அது ஓர் எட்டுப் படி ஏணி. ஒருவன் எத்தனை வருடம், எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்தான் என்று அது கேட்பதில்லை. அவனுக்கு என்ன தெரியும், கையால் என்ன செய்ய முடியும், எவ்வளவு பொறுப்பைத் தனியாகத் தாங்குவான் என்று மூன்றைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு நாடும் தன் சான்றிதழ்களை அந்த ஏணியோடு பொருத்திக் காட்ட வேண்டும். ஜெர்மனி 2013இல் தன் ஏணியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் கிரீசு படிந்த கைக்காரரின் மைஸ்டர் சான்றிதழை ஆறாவது படியில் வைத்தது. அதே ஆறாவது படியில்தான் பல்கலைக்கழக இளங்கலைப் பட்டமும் இருக்கிறது. பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டறை ஆசானும் பட்டதாரியும் ஒரே படியில் நிற்கிறார்கள்!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்லங்க, நம்ம ஊர்ல நடக்குமா?" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நம் ஊரிலும் அந்த ஏணி இருக்கிறது. நமக்குத்தான் அது தெரியவில்லை.

1971லேயே தொழில்திறன் தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுக்க மலேசியாவில் ஒரு தேசிய வாரியம் வந்துவிட்டது. 1989இல் அது எம்.எல்.வி.கே. என்ற தேசியத் தொழிற்பயிற்சி மன்றமாக மாறியது. 1993 முதல் சான்றிதழ்கள் ஐந்து நிலைகளாயின. 2006இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அந்த மன்றம் மனிதவள அமைச்சின் கீழ் ஜே.பி.கே. என்ற திறன் மேம்பாட்டுத் துறையாயிற்று. 2007இல் மலேசியத் தகுதி முகவாண்மை வந்து, பல்கலைக்கழகப் பட்டம், தொழிற்கல்வி இரண்டையும் ஒரே எட்டுப் படி ஏணியில் வைத்தது.

அந்த ஏணியை எளிதாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று, இரண்டு, மூன்று, இவைதான் முதல் மூன்று படிகள். நான்காவது படி மலேசியத் திறன் டிப்ளோமா. ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. ஆறாவது இளங்கலை, ஏழாவது முதுகலை, எட்டாவது முனைவர் பட்டம். கீழே இருந்து மேலே போகப் பாதை இருக்கிறது. திறன் டிப்ளோமா முடித்தவர்களுக்கு மலாக்காவில் உள்ள யுடெம், பத்து பகாட் அருகில் உள்ள யுடிஎச்எம் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் மேலே படிக்கவும் வழி உண்டு.

இந்த ஏணியில் ஏற மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. இப்போது இதைத் திவெட் என்கிறார்கள். படிவம் மூன்று முடித்த பிள்ளைகள் தொழிற்கல்லூரிக்கு மனுச் செய்யலாம். எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கு அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்களும் சமூகக் கல்லூரிகளும் இருக்கின்றன. நம் வட்டாரத்திலேயே சபாக் பெர்ணமில் பாலிடெக்னிக்கும் சமூகக் கல்லூரியும் இருக்கின்றன. ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் ஷா ஆலம் மான்ட்போர்ட் பாய்ஸ் டவுனை நம் தோட்டத்துக் குடும்பங்கள் பல நன்றாக அறியும்.

இரண்டாவது, ஜெர்மனியைப் பார்த்து 2005இல் நம் நாடு தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறை. எஸ்.எல்.டி.என். என்பார்கள். இதில் பத்தில் ஏழு, எட்டுப் பங்கு நேரம் வேலையிடத்திலும் மிச்ச நேரம் பயிற்சி நிலையத்திலும் கற்க வேண்டும்.

மூன்றாவது வாசலைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். அதன் பேர் பி.பி.டி. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்கு, அவர் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை. மறுபடியும் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. என்ன வேலை செய்தார், எங்கே செய்தார் என்பதற்கு ஆதாரங்களைச் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டும். மதிப்பிடுகிறவர் அதைப் பார்த்து, கேள்வி கேட்டு, கைவேலையையும் பரிசோதிப்பார்.

நம் பள்ளியில் படித்த ஒரு தம்பி, பேர் வேண்டாம், ஆறாம் ஆண்டுக்குப் பிறகு இடைநிலைப்பள்ளியில் தாக்குப்பிடிக்க முடியாமல் நின்றுவிட்டார். கிள்ளானில் வெல்டிங் கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. அவர் போட்ட வெல்டிங்கைக் கையால் தடவினால் தையல் போட்ட மாதிரி இருக்கும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து, "சார், எனக்குக் கீழ வேலை கத்துக்கிட்ட பையன் சிஜில் வச்சிருக்கான், அவன சூப்பர்வைசராப் போட்டுட்டாங்க. நான் இன்னும் அதே நாள்கூலிதான்" என்றார். பி.பி.டி. பற்றிச் சொன்னேன். "எனக்கு எழுத வராதே சார்" என்றார். "எழுத வேண்டியதை உன் மகள் எழுதட்டும், வேலையை நீ காட்டு" என்றேன்.

கோப்பு தயாரிக்க ஐந்து மாதம் பிடித்தது. பழைய சம்பளச் சீட்டில் பாதி கரையான் தின்றுவிட்டது. ஒரு பழைய முதலாளியைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கினோம். படிவம் நான்கு படிக்கும் மகள், தகப்பன் வெல்டிங் வைப்பதைப் போனில் படம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் கீழே மலாயில் விளக்கம் எழுதினாள். அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னதை மறக்க முடியாது: "அப்பா வேலைக்குப் போறாருன்னு மட்டுந்தான் சார் தெரியும். இவ்ளோ விஷயம் அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது." முதலில் இரண்டாம் நிலை, மறு ஆண்டு மூன்றாம் நிலை வாங்கினார். சம்பளம் உடனே இரட்டிப்பாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கூடியது. ஆனால் அதன்பின் வேறு கம்பெனிக்கு மனுப் போட்டபோது, வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எல்லாம் தேன் என்று நினைக்காதீர்கள். அங்கே பல மாநிலங்களில் பிள்ளைகளைப் பத்து வயதிலேயே, 'நீ பல்கலைக்கழகம் போகிற பள்ளிக்கு, நீ மற்றப் பள்ளிக்கு' என்று பிரித்துவிடுகிறார்கள். துருக்கியிலிருந்து கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கீழ்ப்பிரிவிலேயே போய் விழுந்தார்கள் என்று அந்நாட்டவர்களே குறை சொல்கிறார்கள். கேட்கும்போது நமக்கு நம் கதை மாதிரி இருக்கிறது. ஆகவே ஆசிரியர்களே, தொழிற்கல்வியைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிடாதீர்கள். 'படிப்பு வரலையா, வெல்டிங் போ' என்று சொன்னால் படிப்பையும் அவமதிக்கிறோம், வெல்டிங்கையும் அவமதிக்கிறோம். நல்ல எலக்ட்ரீஷியனுக்குக் கணக்கு தெரியாமல் முடியாது. வரைபடம் படிக்கத் தெரியாத ஃபிட்டர் ஃபிட்டர் ஆக முடியாது.

நம் நாட்டுக் குறையும் உண்டு. பயிற்சிக்கு வந்த பையனை வேலை கற்றுக்கொடுக்காமல் தரை கூட்டவும் சாப்பாடு வாங்கவும் அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. எந்தப் படியிலும் சேராத சான்றிதழைக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பேரில் கடனை ஏற்றிவிடுகிற கல்லூரிகளும் இருந்திருக்கின்றன. எங்கள் உறவிலேயே ஒரு பிள்ளை அப்படி மாட்டிக்கொண்டது. இரண்டு வருடம் போனது, கடன் நின்றது, காகிதத்தை யாரும் மதிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. சான்றிதழ் இருந்தும் கை வராதவர்களை எனக்குத் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கை இல்லாத காகிதமும் வீண், காகிதம் இல்லாத கையும் நம் காலத்தில் ஏமாந்துபோகிறது. இரண்டும் சேர வேண்டும். இன்னாரால் இந்த வேலை முடியும் என்று ஆராய்ந்து அவரிடம் அதை ஒப்படைக்க வேண்டும் என்பதற்குத் திருவள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆராய்ந்து பார்க்க முதலாளிக்கு நேரமில்லாத காலம் இது. அதனால்தான் சான்றிதழ் கேட்கிறான்.

பெற்றோர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, எந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதானாலும், "இந்தப் படிப்புக்கு ஜே.பி.கே. அல்லது தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் இருக்கிறதா? ஏணியில் இது எத்தனையாவது படி?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். விழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது, முதல் படியோடும் இரண்டாம் படியோடும் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். "கையில காசு வந்திருச்சி, போதும்" என்று நிற்கிறவன் நாற்பது வயதிலும் அங்கேயே நிற்பான். மூன்றாம் படி வரையாவது போகட்டும். மூன்றாவது, பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். குளிர்சாதனம், மின்சாரம், சி.என்.சி. இயந்திரம் எல்லாம் தோள் பலத்துக்கான வேலை அல்ல. என்னிடம் படித்த பெண்கள் பையன்களைவிடப் பொறுமையாக அளவெடுத்தார்கள்.

வேலையில் இருக்கும் தகப்பன்மார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் தனியாக ஒன்று. லாரி ஒர்க்‌ஷாப்பில், ஆலையில், கட்டட வேலையில் பத்து, பதினைந்து வருடம் போட்டிருப்பீர்கள். சம்பளச் சீட்டை எறியாதீர்கள். வேலை செய்யும்போது படம் எடுத்து வையுங்கள். கம்பெனியை விட்டு வரும்போது ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதுதான் நாளைக்கு உங்கள் கோப்பு. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அதை எழுதித் தருவது அந்தப் பிள்ளையின் கடமை.

இப்போது, முதலில் பாதியில் நிறுத்திய கதைக்கு வருகிறேன்.

அப்பா கையை விரித்துக் காட்டிவிட்டு வந்த 1984இல், அந்தத் தேசிய வாரியம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை செய்துகொண்டிருப்பவர்களும் தொழில்திறன் தேர்வு எழுதலாம், அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று நிலை இருந்தது. இது எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தேர்வை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன். கோலாலம்பூரில் பயிற்சி முடித்து, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கியிருந்தேன். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவேன். அப்பாவுக்குத் தெரிந்ததில் பாதிகூட அன்று எனக்குத் தெரியாது. ஆனாலும், "அப்பா, நீங்க அந்தப் பரீட்சைய எழுதுங்க, நான் ஃபாரம் வாங்கிட்டு வர்றேன்" என்று ஒரு நாளும் சொல்லத் தோன்றவில்லை. பரீட்சை என்பது படித்த என்னைப் போன்றவனுக்கு என்று நினைத்திருந்தேன். அப்பா வேலைக்காரர், நான் தொழில் படித்தவன் என்று என் மனசுக்குள்ளேயே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். ஆபீஸ்காரர்கள் அவர் கையை மதிக்கவில்லை என்று கோபப்படுகிறேன். அவர் மகன் நானும் அதே தப்பைத்தான் செய்தேன்.

அப்பா 1991இல் காலமானார். அவருடைய ஸ்பேனர் பெட்டி என் வீட்டில் இருக்கிறது. கைப்பிடிகள் எல்லாம் அவர் விரல் பட்டுத் தேய்ந்து போயிருக்கின்றன. அவருக்கு ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுக்க இனி யாராலும் முடியாது. அதனால்தான் எங்கே கூப்பிட்டாலும் போய் இதைப் பேசுகிறேன்.

மாணவச் செல்வங்களே, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் சேர்ந்துதான் சொல்கிறேன். அப்பாவிடமோ அம்மாவிடமோ போய், "உங்களுக்கு என்ன வேலை தெரியும்? எப்படிச் செய்வீங்க? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். "அதெல்லாம் என்னாத்துக்கு, போய்ப் படி" என்று விரட்டுவார்கள். விடாதீர்கள். அந்த நோட்டுதான் ஒரு நாள் அவர்களுக்குக் கோப்பாகலாம். ஆகாவிட்டாலும், உங்கள் வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று உங்களுக்காவது தெரிந்திருக்கும்.